நிபந்தனையில் இல்லாத தண்ணீர்

நனைத்தால் குப்பை கனக்கும் சார். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. காய்ந்த குப்பையை டிரெய்லர் நிறைய ஏற்றினாலும் எடைமேடையில் எண் பெரிதாக ஏறாது. அதே குப்பையில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் பாதி டிரெய்லருக்கே நல்ல எடை காட்டும். எடைக்குக் கூலி என்று ஒப்பந்தம் போட்ட பிறகு தண்ணீருக்கும் சேர்த்து ஊராட்சி எப்படிப் பணம் கொடுக்கும்? இதை நான் சொன்னேன் என்று வேலுத்தாயக்கா ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது.

எனக்கு அசதியாக இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்; நடுவில் நிறுத்தாமல் இருந்தால் நல்லது.

தாயில்பட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊராட்சிக்கு நான் செயலர். மாரிசெல்வி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆபீஸில், தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், மருந்து அடைக்கிற வேலை பார்த்தவர்கள். எங்கள் தெருவில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் இன்னும் வரவில்லை, ஒன்றியத்திலிருந்து ஒரு தனி அலுவலர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அவருக்கு எங்களைப் போல எத்தனையோ ஊர்கள். ஆகவே எழுதுவது நான், கையெழுத்து அவருடையது. அவர் மேல் பழியைத் தள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதியது நான்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு பட்டாசுத் திரி செய்கிற வேலை நடக்கிறது. லைசென்ஸ் கிடையாது. அங்கே சேருகிற குப்பையில் காகிதம் இருக்கும், நூல் இருக்கும், கூடவே மருந்தும் இருக்கும். பட்டாசுக்குள் போகிற மருந்து. பெருக்கி வாரும்போது தூசியோடு தூசியாக வந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் குப்பைக்கு முதலில் தண்ணீர் காட்டுவோம், பிறகுதான் கை வைப்போம். இரும்பு மண்வெட்டியைப் பக்கத்தில் கொண்டுவர மாட்டோம், உரசி ஒரு பொறி பறந்தால் போதும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாப்பிடும் முன் கை கழுவுவது போல. குப்பை நனைகிற அன்று வண்ணக் காகிதங்களின் சாயம் கரைந்து மேலத்தெரு வாய்க்கால் ரோஸ் நிறத்தில் ஓடும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எல்லா ஊரிலும் வாய்க்கால் அப்படித்தான் ஓடும் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் இதை எழுத முடியாது. குப்பையில் மருந்து இருக்கிறது என்று ஊராட்சி எழுதினால், வீடுகளில் மருந்து இருக்கிறது என்று ஊராட்சியே ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுநாள் காலையில் நீங்கள் வந்து நிற்பீர்கள். தெருவே கோர்ட்டுக்கு நடக்கும். எனவே குப்பை அள்ளும் டெண்டரில் பழைய நாளிலிருந்து ஒரு வரி மட்டும் வரும்: குப்பையை நன்கு நனைத்து, இரும்புக் கருவி படாமல் அள்ள வேண்டும். ஏன் என்று இருக்காது. ஊர்க்காரனுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

டெண்டர் எடுப்பது எப்போதும் ஊர்க்காரர்தான். கருப்பணன் ஐயா. நிலம் உள்ள குடும்பம், இரண்டு டிராக்டர், ஒரு தண்ணீர் லாரி. வருடா வருடம் மூன்று உறைகள் வரும். ஒன்று அவர் பெயரில், ஒன்று அவர் மச்சினர் பெயரில், ஒன்று அவருடைய டிரைவர் சோணைமுத்து பெயரில். மூன்றையும் அவரே கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். மேலே ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு.

“ஏ மாரி, இந்தா. மூணு கவரும் இருக்கு. எதப் பிரிக்கணும்னு தெரியும்ல?”

“மூணையும் பிரிக்கணுங்கய்யா.”

“பிரி, பிரி. சத்தமா வாசி. நான் செயிச்சேனா இல்லையான்னு எனக்கே படபடன்னு இருக்கு.”

சோணைமுத்து வாசலில் நின்று சிரிப்பான். “இந்த வருசமும் நான் தோத்துட்டேனாக்கா? என் கையெழுத்து எப்படி இருக்கும்னு ஒருக்கா காட்டுங்களேன், நானும் பாத்துக்கிடுறேன்.”

நான் எழுந்து நின்று மூன்றையும் சத்தமாக வாசிப்பேன். அப்படித்தான் விதி. ஒரே கை எழுதிய மூன்று விலைகளை, மூன்று பேர் தனித்தனியாக யோசித்துப் போட்டவை போல, நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன். அவர் சேவைக் கொறித்துக்கொண்டே கேட்பார். அந்த வருடங்களில் எனக்கு உள்ளுக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விலை அதிகம்தான், வண்டி பாதி காலியாகத்தான் போகும். ஆனால் அவருடைய ஆட்கள் ஒழுங்காக நனைத்தார்கள். அவர் காலத்தில் ஒருவருக்கும் தீக்காயம் பட்டதில்லை.

போன வருடம் தணிக்கைக்கு வந்தவர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார்.

“குப்பைய எதுக்கும்மா நனைக்கணும்? இந்த ஊர்ல தண்ணி லாரி அவர்ட்ட மட்டுந்தானே இருக்கு. ஒரே ஆளுக்காக எழுதின நிபந்தனை மாதிரில்ல இருக்கு.”

நான் அடுத்த கோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“காரணம் இருந்தா எழுதிக் குடுங்க. நான் விட்டுர்றேன்.”

அவர் நல்ல மனிதர். எடுக்கச் சொல்லவில்லை, காரணம்தான் கேட்டார். காரணத்தை என்னால் எழுத முடியாது, எழுதினால் என்ன ஆகும் என்று உங்களிடம் முன்பே சொல்லிவிட்டேன். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. ஒரு வரி. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் லாரி வேண்டாம். தண்ணீர் லாரி வேண்டாமென்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே ஒருவருக்குப் பொருந்துகிற மாதிரி நிபந்தனை வைக்கக் கூடாது என்பது சட்டம். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இத்தனை வருடமாக அந்தப் பாடம் என் பக்கம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சந்தோஷமாக இருந்தது சார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததாக ஞாபகம் இல்லை.

இந்த முறை அந்த வரியை எடுத்தேன். பாதி வண்டிக்கு முழு நடைக் கூலி போகிறது என்று அந்தத் தணிக்கையிலேயே குறை சொல்லியிருந்தார்கள், அதனால் நடைக்குக் கூலி என்பதை மாற்றி எடைக்குக் கூலி என்று எழுதினேன். வெளியூர்ப் பேப்பரிலும் விளம்பரம் கொடுத்தேன். மூன்றும் சரியான காரியங்கள். தனித்தனியாக எடுத்து யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

விளம்பரத்தைப் பார்த்துத் தேனிப் பக்கத்திலிருந்து தருண்குமார் வந்தார். சொந்தமாக ஒரு டிராக்டர், அதற்கும் கடன் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. டெண்டர் படிவத்தை வாங்கிக்கொண்டு போகாமல் என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, பழைய ரேட்ட வெளிய விசாரிச்சேன். குப்பைய அள்ளவா இம்புட்டு? உள்ள தங்கம் கிங்கம் கிடக்கா?”

எனக்கும் சிரிப்பு வந்தது.

“சிரிக்காதீங்கக்கா. நெசமாத்தான் கேக்கேன். இந்த ஊர்க் குப்பையில எனக்குத் தெரியாத சூட்சுமம் ஏதாச்சும் இருந்தா சொல்லிருங்க. நான் புதுசு. இந்த ஒரு வேலைய நம்பித்தான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.”

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்றாவது தடவையும் அதையே சொல்கிறேன். டெண்டர் போடுகிற ஒருவருக்குத் தெரிகிற தகவல் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் தனியாக உட்காரவைத்து விளக்கம் சொல்லக் கூடாது. சொல்வதானால் எழுத்தில், எல்லாருக்கும், ஒரே நேரத்தில். அப்படித்தான் அவரிடமும் சொன்னேன்.

“படிவத்துல என்ன இருக்கோ அதுதான் தம்பி. தனியாச் சொல்ல விதி இல்ல.”

“அப்பச் சரிக்கா. விதிப்படி நடக்குற ஆபீஸ இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கிண்டல் இல்லை சார். உண்மையாகவே மரியாதையோடு சொன்னார்.

உறை பிரிக்கிற அன்று நான்கு உறைகள் இருந்தன. கருப்பணன் ஐயா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தருண்குமாரின் விலையைக் கடைசியாக வாசித்தேன். மற்றவற்றில் பாதிகூட இல்லை. வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தேன். ஐயா சேவுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“தேனிப் பக்கங்கய்யா.”

“அதான பாத்தேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏ மாரி, தம்பிட்ட சொல்லிட்டியா?”

“நிபந்தனையில உள்ளது எல்லாம் சொல்லியாச்சுங்கய்யா.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவருக்கும் தெரியும். அவரும் அந்தத் தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நீங்கள் அவரையும் விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் நான்.

பிறகு ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குப்பையைப் பற்றித் தெரிந்தவர்கள் விலையைக் கூட்டித்தான் போடுவார்கள். தண்ணீர், ஆள், நேரம், எல்லாம் அவர்கள் கணக்கில் வந்துவிடும். பாதி விலை என்பது தெரியாத ஒருவரிடமிருந்துதான் வர முடியும். ஆக, ஊராட்சி அன்று வாங்கியது டிராக்டரை அல்ல, ஆளை அல்ல. ஒருவருடைய தெரியாமையை வாங்கினோம். அது மலிவாகக் கிடைத்தது. குறைந்த விலையை ஏற்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. எதனால் குறைந்தது என்று கேட்கச் சொல்லவில்லை.

தருண்குமார் தன் மச்சினரையும் கூட்டிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினார். வேலுத்தாயக்கா எங்கள் ஊர்த் தூய்மைக் காவலர். குப்பையைச் சேர்த்துவைக்கிறவர் அவர்தான். முதல் நாளே சத்தம் போட்டிருக்கிறார். “ஏலே தேனிக்காரா, தண்ணி காட்டாம கைய வைக்காதலே” என்று தெருக்குழாயில் ஹோஸைச் சொருகி, அவரே நின்று நனைத்துக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. வெளியூர்க்காரனிடம் ஒரு தெருவைக் காட்டிக்கொடுக்க முடியாதல்லவா.

எடைமேடையில் நான் நின்றிருந்தேன். முதல் லோடு என்பதால் நானே போயிருந்தேன். டிரெய்லரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன தம்பி?”

“வேலுத்தாயம்மாதான் நனைக்கச் சொன்னாங்கக்கா.”

“நிபந்தனையில இருக்கா?”

“இல்லக்கா.”

“தண்ணிக்கு ஊராட்சி பணம் குடுக்காது. காய வச்சுக் கொண்டாங்க. இனிமே ஈர லோடு வந்தா எடையே போடமாட்டேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. திருட்டில் அகப்பட்டவர் போல நின்றார். “சத்தியமா எடைக்காகச் செய்யலக்கா” என்றார். வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருந்த வேலுத்தாயக்கா இறங்கி என் பக்கத்தில் வந்தார்.

“ஏத்தா மாரி, நீயா சொல்லுத இத?”

நான் எடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கப்பன் நெஞ்செல்லாம் வெந்து கிடந்தப்ப வாழையெல எடுத்துட்டு ஓடியாந்தவ நானு. எங்கிட்டயே மூஞ்சியத் திருப்புறயா? இந்தப் பயலுக்கு நீயாச்சும் சொல்லு.”

“அக்கா, நீங்க உங்க வேலையப் பாருங்க. இது ஆபீஸ் விசயம்.”

இதைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். சரிதான். அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு தருண்குமார் நனைக்கவில்லை. வேலுத்தாயக்கா அந்த டிரெய்லர் பக்கம் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் பேச அவர் இருக்கிறார்.

நடுத்தெருக் குப்பையிலும் பஜார் குப்பையிலும் எந்த ஆபத்தும் இல்லை. அது எல்லா ஊரிலும் உள்ள குப்பை. சில வாரம் அதைத்தான் அள்ளினார்கள். வேலை சுத்தமாக இருந்தது, வண்டி நிரம்பிப் போனது, செலவு குறைந்தது. தனி அலுவலர் என்னைப் பாராட்டினார். பக்கத்து ஊராட்சிகளும் என் படிவத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

பிறகு ஒரு நாள் தருண்குமார் அலுவலகத்துக்கு வந்து, “நாளைக்கு மேலத்தெருக்கா. ரொம்ப நாள் குமிஞ்சு கிடக்கு, நல்லாக் காஞ்சிருக்கு, லேசா வந்துரும்” என்றார். சரி தம்பி என்றேன். புது மண்வெட்டி வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு என் தங்கை ரோஜாவுக்குப் போன் செய்தேன். அவள் வீடு மேலத்தெரு முனையில். பிள்ளைகளை நாளைக்குக் கண்மாய்க் கரை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, நீயும் வாசல் பக்கம் நிற்காதே என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள்.

இதை வேலுத்தாயக்கா சொல்லியிருக்க முடியாது, அவருக்குத் தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன். ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்லக் கூடாது என்றாயே, தங்கைக்கு மட்டும் எப்படிச் சொன்னாய் என்று உங்களுக்குத் தோன்றும். ரோஜா டெண்டர் போட்டவள் இல்லை சார்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் இருந்தேன். சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் எல்லாரும் வெளியே ஓடிவந்து முதலில் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். புகையைப் பார்த்து எந்த ஆபீஸ், யார் யார் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். அன்றும் ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எந்தத் திசை என்று எனக்குத் தெரியும்.

மச்சினர் அங்கேயே போய்விட்டார். தருண்குமார் மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள்தான் உயிரோடு இருந்தார். அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரரு ஏதும் விதிய மீறிட்டாராக்கா?” என்று கேட்டாள். இல்லை, எல்லாம் நிபந்தனைப்படிதான் செய்தார் என்று சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊரில் எல்லாரும் பீடி என்றார்கள். குப்பை மேல் உட்கார்ந்து பீடி குடித்தான், பற்றிக்கொண்டது. மேலத்தெருவைக் காப்பாற்ற வேறு என்ன சொல்ல முடியும்? உங்கள் ஆட்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். தருண்குமாருக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. அதை நான் சொல்லியிருக்கலாம்.

கொலை என்ற சொல்லை நீங்கள் மறுபடி எடுத்தால் இந்த முறை நான் மறுக்கப் போவதில்லை. தண்ணீர் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பதும் தெரியும். தெரிந்தால் அவர் விலை ஏறிவிடும், கருப்பணன் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் சேவு கொறிப்பார். அதற்காகத்தான் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டெண்டரில் தப்பு இல்லை. அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

குப்பை நிற்கவில்லை சார், அதுதான் தொந்தரவு. பாதிக் குவியல் இன்னும் மேலத்தெருவில்தான் கிடக்கிறது. தனி அலுவலர் அவசர டெண்டர் விடச் சொன்னார். விட்டேன். அதே படிவம்தான். அந்த வரியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். சேர்த்தால் தண்ணீர் லாரிக்காரர்தான் வருவார், இவ்வளவு தூரம் வந்துவிட்டு நான் மறுபடி பழைய இடத்திலேயே போய் நிற்க முடியுமா? இந்த முறை நாமக்கல்லிலிருந்து பெத்தணன் என்று ஒருவர். அப்பாவும் மகனும் சேர்ந்து வண்டி ஓட்டுகிறார்கள். போன தடவையைவிடக் குறைவாகப் போட்டிருந்தார். பஜார் பக்கம் முடித்துவிட்டார்.

ஆமாம், இன்றைக்குத்தான் மேலத்தெரு. இந்நேரம் வண்டி போய்ச் சேர்ந்திருக்கும்.

பெத்தணன் நம்பர் என் போனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சார், ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவரை மட்டும் கூப்பிட்டு நனைத்து அள்ளு என்று வாயால் சொன்னால் அது நிபந்தனையை மாற்றியதாகும். மற்றவர்களுக்கு அநியாயம். கருப்பணன் ஐயா கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். திருத்த அறிவிப்பை நானே எழுதித் தருகிறேன், எல்லாருக்கும் ஒன்றாகப் போகட்டும். அதுவரைக்கும் அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வைக்கிறீர்களா சார்?